எட்டு ஒண்ணேகால் பத்து

1

நேற்றோடு நாங்கள் மலாயாவில் கப்பலை விட்டு இறங்கி ஒரு வருஷம் ஆகிறது. அதை நினைத்து நேற்றுக் காலையில் பாயசம் வைத்தேன். அடுப்பில் வெல்லம் உருகிக்கொண்டிருந்தபோது ஊரிலிருந்து தபால் வந்தது. பிரித்துப் படித்தேன். படித்து முடிப்பதற்குள் பாயசம் அடிப்பிடித்துத் தீய்ந்துவிட்டது. பாயசம் போனால் போகட்டும். கடிதம் எழுதின மனுஷன் எதிரே நின்றிருந்தால் கையிலிருந்த அகப்பையாலேயே நாலு போட்டிருப்பேன்.

நம் ஊர்ப் பத்திரிகைக்கு இந்த ஒரு வருஷமாகக் குறிப்புகள் எழுதி அனுப்புகிறேன். ரப்பர் மரத்தில் பால் எப்படி வடிகிறது, சீனத்துப் பெண்கள் பிள்ளையை முதுகில் எப்படிக் கட்டிக்கொள்கிறார்கள், இங்கே தினமும் மத்தியானம் மழை எப்படி வந்து கொட்டுகிறது, எல்லாம் எழுதினேன். நேரில் பார்த்த மாதிரி இருக்கிறது என்று நீங்களும் எழுதினீர்கள். இந்த மாதம் அப்படி ஒன்றும் கிடையாது. வயிறு எரிகிறது, அதைத்தான் எழுதப்போகிறேன். பிடிக்காதவர்கள் பக்கத்தைப் புரட்டிக்கொள்ளலாம்.

விஷயம் இதுதான். என் ஒரே மகள் தாணம்மைக்குப் பத்து வயது. நாஞ்சில் நாட்டில் மூன்றாம் வகுப்பு தேறியவள். இந்த வருஷம் நாலாம் வகுப்பில் இருந்திருக்க வேண்டும். ஆனால் இங்கே டவுனில் ஒரு இங்கிலீஷ் பெண்கள் பள்ளிக்கூடத்தில், ஒன்றாம் வகுப்புப் பெஞ்சில், ஆறு வயதுக் குஞ்சுகளோடு உட்கார்ந்திருக்கிறாள். ஒரு வருஷமாக உட்கார்ந்திருக்கிறாள். காரணம் என்ன என்றால், அவளுக்குக் கணக்கு வரவில்லையாம்!

2

வந்த மறு வாரம் பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போனோம். என் வீட்டுக்காரர் இங்கே ஒரு ரப்பர் தோட்டத்தில் இரண்டாம் கிராணி, அதாவது குமாஸ்தா. தோட்டத்திலிருந்து டவுன் ஏழு மைல். பள்ளிக்கூடத்துக்குத் தலைமை ஒரு வெள்ளைக்காரத் துரைசானி. நெடுநெடு என்று உயரம், முகத்தில் கோபம் என்பதே இல்லை. கோபக்காரியாக இருந்திருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

ஊரிலிருந்து பத்திரமாகக் கொண்டுவந்த மூன்றாம் வகுப்பு சர்டிபிகேட்டை நீட்டினேன். நம் சர்க்கார் சங்கு முத்திரை போட்டது. வாங்கி முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். தமிழில் எழுதியிருப்பது அவருக்கு எப்படித் தெரியும்? அழகாக இருக்கிறது என்று சொன்னாராம். சொல்லிவிட்டு மேஜை இழுப்பறைக்குள் போட்டு மூடினார். இன்றைக்கும் அது அங்கேதான் கிடக்கிறது.

பாஷை தெரியாத பிள்ளைக்குச் சிலேட்டில் கணக்குக் கொடுப்பது அநியாயம் என்பது துரைசானியின் அபிப்பிராயம். அதனால் கையால் செய்து காட்டுகிற பரீட்சை. மேஜைமேல் ஒரு தகர டப்பா நிறைய அரிசி, பக்கத்தில் அகன்ற வாய் உள்ள ஒரு குவளை, ஒரு காலி வாளி. டப்பாவில் எத்தனை குவளை அரிசி இருக்கிறது என்று அளந்து சொல்ல வேண்டும். கேள்வியைத் தமிழில் எடுத்துச் சொல்ல யாழ்ப்பாணத்து டீச்சர் ஒருத்தி. நான் வராந்தாவில் உட்கார்ந்து ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்று தேறினவளுக்கு இது ஒரு பரீட்சையா என்று எனக்குச் சிரிப்புக்கூட வந்தது.

தாணம்மை குவளையை அரிசிக்குள் முக்கினாள். கூம்பாகக் குவித்து, ஒரு மணி சிந்தாமல் எடுத்து வாளியில் கொட்டினாள். "லாபம்" என்றாள். அடுத்த குவளையைக் கொட்டி "ரெண்டு, ரெண்டே, ரெண்டு" என்றாள். பிறகு "மூணு, மூணே, மூணு". சுருதி தப்பாமல் சொல்லிக்கொண்டே போனாள்.

நாஞ்சில் நாட்டுக்காரர்களுக்கு இதை விளக்கினால் அடிக்க வருவார்கள். பத்திரிகை எங்கள் எல்லையான ஆரல்வாய்மொழிக்கு அப்பாலும் போகிறதாமே, அவர்களுக்காகச் சொல்கிறேன். களத்தில் நெல் அளக்கும்போது முதல் மரக்காலை நாங்கள் ஒன்று என்று சொல்வதில்லை, லாபம் என்போம். அப்புறம்தான் ரெண்டு, மூணு. அடுத்த மரக்கால் நிறைகிற வரைக்கும் சொன்ன எண்ணையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருப்போம். நடுவில் யாராவது பேச்சுக் கொடுத்தாலும் எண்ணிக்கை தவறாது. என் மகள் நடக்கத் தொடங்கின நாள் முதல் கேட்டு வளர்ந்த எண்ணிக்கை அது. அரிசியும் குவளையும் கையில் வந்ததும் அது தானாக வாயில் வந்தது.

யாழ்ப்பாணத்து டீச்சர் இங்கிலீஷில் துரைசானியிடம் என்னமோ சொன்னாள். பிறகு என் வீட்டுக்காரரிடம் திரும்பி, "பிள்ளைக்கு ஒண்டு எண்டு சொல்லவே தெரியேல்லை. ஒரு இலக்கத்தையே திருப்பித் திருப்பிச் சொல்லுறா, பாவம்" என்றாள்.

அரிசி தீர்ந்தது. "எட்டு" என்றாள் தாணம்மை. துரைசானி இல்லை என்று தலையை ஆட்டினார். சரியான விடை பத்து. அவர் முந்தின நாளே குவளையின் தலையைக் கோடு போடுகிற மரத்தண்டால் வழித்து வழித்து அளந்து வைத்திருந்தாராம். அவ்வளவுதான் பரீட்சை. என் வீட்டுக்காரர் கையைக் கட்டிக்கொண்டு நின்றவர், நீட்டின காகிதத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு வெளியே வந்தார்.

"என்ன எழுதிக் குடுத்திய?" என்று கேட்டேன்.

"ஒண்ணாங் கிளாஸுல போடுதாவளாம். சம்மதம்னு ஒப்பு."

"ஒண்ணாங் கிளாஸா? மூணு தேறினவளையா?"

"மொள்ளப் பேசுட்டி. துரைசானி முகத்துக்கு நேரே மாட்டேன்னு எப்பிடிச் சொல்ல? அவிய நல்லதுக்குத்தான் சொல்லுதாவ."

"எனக்க பிள்ளைக்குக் கணக்குத் தெரியாதுன்னு நீங்களே ஒப்புப் போட்டுக் குடுத்திருக்கிய. இது ஒங்களுக்கு நல்லதாட்டு இருக்கா?"

அவர் லாரியைப் பார்த்து நடந்தார். தோட்டத்தில் நானூறு பேர் பெயர் கூப்பிட்டுக் கணக்கெடுக்கிற மனுஷன்! ஒரு வெள்ளைக்காரியின் சிரித்த முகத்துக்கு முன்னால் சொந்தப் பிள்ளைக்காக வாயைத் திறக்கவில்லை. இந்தக் கோபம் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை. அவர் இதைப் படிப்பார் என்று தெரிந்துதான் எழுதுகிறேன்.

3

எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. உலையில் போட நமக்கு நாமே அளந்துகொள்ளும்போது நாழியின் தலையை வழித்துக்கொள்ளலாம். அடுத்தவர் பாத்திரத்தில் கொட்டும்போது வழிக்கக்கூடாது, கூம்பாகத்தான் கொட்ட வேண்டும். வழித்தால் அது கையிறுக்கம், பார்த்தவர்கள் நாலு நாள் பேசுவார்கள். தாணம்மைக்கு இதைச் சொல்லிக் கொடுத்தவள் நான்தான். கூடவே கணக்கும் சொல்லிக் கொடுத்தேன். நாலு கூம்பு, அஞ்சு வழிப்பு. ஒரு கூம்பு ஒன்றேகால் வழிப்பு. ஏழு வயதில் அவளுக்கு இது தண்ணீர் பட்ட பாடு.

அன்றைக்குத் திரும்பி வரும்போது லாரியில் கேட்டேன்.

"ஏட்டி, ஏன் கூம்பா அளந்தா?"

"அவிய அரிசிதானேம்மா. அவிய வாளியில கொட்டச் சொன்னாவ. வழிச்சா நல்லாவா இருக்கும்?"

"வழிச்சு அளந்தா எத்தன வரும்?"

"எட்டு ஒண்ணேகால் பத்து" என்றாள். கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை.

கேட்டீர்களா? துரைசானியின் பத்தும் என் மகளின் எட்டும் ஒரே அரிசி. துரைசானிக்கு வழித்து அளக்கத்தான் தெரியும். இவளுக்கு இரண்டும் தெரியும், ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றவும் தெரியும். இரண்டும் தெரிந்தவளை ஒன்றாம் வகுப்பில் போட்டுவிட்டு, ஒன்று மட்டும் தெரிந்தவர் தலைமை நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார்.

இந்த மாதிரி எனக்கு இது முதல் தடவை இல்லை. நான் வாசித்த பள்ளிக்கூடத்தில் நாலாம் வகுப்பு வரை ஆணும் பெண்ணும் ஒன்றாக உட்காருவோம். கணக்கில் நான் முதல். எனக்குப் பின் வரிசையில் ஒருவன் இருந்தான். பெயரை மாற்றி மாதேவன் என்று சொல்கிறேன், இருந்தாலும் அவனுக்குத் தான்தான் என்று தெரியும். முக்கால் வாய்ப்பாடு அவனுக்கு ஏறவே ஏறாது. வாத்தியார் அவனை எழுப்பினால் என் முதுகைச் சுரண்டுவான்.

"ஏட்டி உமையம்மே, ஒம்பது முக்கால்?" என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்பான்.

"ஆறே முக்கால்லே, சவமே" என்பேன்.

உரக்கச் சொல்லிவிட்டு வாத்தியாரிடம் சபாஷ் வாங்கிக்கொண்டு உட்காருவான். நாலாம் வகுப்பு நானும் தேறினேன், அவனும் தேறினான். அஞ்சாம் வகுப்பில் பையன்களுக்கு மத்தியானம் கணக்கு. பெண்பிள்ளைகளை அடுத்த கொட்டகைக்கு அனுப்பி மடியில் ஒரு தலையணையை வைத்து லேஸ் பின்னச் சொன்னார்கள். பரீட்சை வைத்துப் பிரித்தார்களா? இல்லை. பாவாடையைப் பார்த்துப் பிரித்தார்கள். சுவருக்கு அந்தப் பக்கம் வாத்தியார் கணக்குச் சொல்வார், இந்தப் பக்கம் நான் நூலை மாற்றிக்கொண்டே மனசுக்குள் விடை போடுவேன். பையன்கள் விடை சொல்ல எவ்வளவு நேரம் ஆகும் தெரியுமா! எழுந்து போய்ச் சொல்லிவிடலாமா என்று துடிப்பேன். ஏழாம் வகுப்போடு என் படிப்பு முடிந்தது. கணக்கு நாலோடு முடிந்தது. மாதேவன் மேலே படித்து இன்றைக்கு அங்கே ஒரு மிடில் ஸ்கூலில் ஹெட்மாஸ்டர்.

4

இங்கே எங்கள் நாள் விடியுமுன்பே தொடங்கிவிடும். பெரட்டுக் களத்தில் ஆட்களை வரிசையாக நிறுத்திப் பெயர் கூப்பிட இவர் ஐந்து மணிக்குப் போய்விடுவார். நான் தாணம்மைக்குத் தலை பின்னி, பூட்ஸ் மாட்டி, டவுனுக்குப் போகிற லாரியில் ஏற்றிவிடுவேன். ஒன்றாம் வகுப்புப் பெஞ்சு அவள் முட்டி உயரம்தான். கால் இரண்டையும் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டு உட்காருகிறாள். அவளுக்கு அங்கே என்ன வேலை என்று கேளுங்கள். சின்னப் பிள்ளைகளுக்கு மணி எண்ணுகிற சட்டத்தை எடுத்துக் கொடுப்பது, பூட்ஸ் கயிறு கட்டிவிடுவது, ஒண்ணுக்குக் கூட்டிக்கொண்டு போவது. டீச்சருக்கு அவளை ரொம்பப் பிடித்திருக்கிறதாம். பிடிக்காமல் என்ன செய்யும்? சம்பளம் இல்லாத ஆயா!

முதல் இரண்டு மாதம் வந்ததும் வராததுமாக என்னிடம் கணக்குக் கேட்பாள். "அம்மா, கஷ்டமாட்டு ஒண்ணு சொல்லேன்" என்பாள். அரைக்கால், மாகாணி எல்லாம் கலந்து போடுவேன். ஊரில் என் தங்கை மகள் செம்பகத்துக்கு இவள்தான் கணக்கு வாத்தியார். பெரியவளானால் பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக் கொடுக்கப் போவதாக இரண்டு பேரும் பேசிக்கொள்வார்கள். இங்கே வந்த பிறகும் அதையே சொல்லிக்கொண்டிருந்தாள், அந்தப் பேச்சு மெல்ல மெல்ல நின்றது. கணக்குக் கேட்பதும் நின்றது. இப்போது விரலை மடக்கி ஒன், டூ, த்ரீ என்று பாட்டுத்தான்.

இரண்டு மாதத்துக்கு முன்னால், தோட்டத்து ஆட்கள் குடியிருக்கிற லயத்தில் ஒருத்திக்குப் பிள்ளை பிறந்தது. கஞ்சிக்கு நாலு நாழி அரிசி அளந்து கொடுக்கச் சொன்னேன். தாணம்மை தன் பள்ளிக்கூடப் பையிலிருந்து கோடு போடுகிற மரத்தண்டை எடுத்து, நாழியின் தலையைச் சரக் சரக் என்று வழித்து, ஒன், டூ என்று அளந்தாள். எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது.

"ஏட்டி, பெத்துப் போட்டுக் கிடக்குறவளுக்கு வழிச்சா அளக்க? கையில என்ன கேடு ஒனக்கு?"

"அப்பிடி அளந்தாத்தாம்மா சரி. கூம்பா அளந்தா தப்பு. அதுக்குத்தானே என்ன ஒண்ணாங் கிளாஸுல போட்டாவ."

என் கோபம் எங்கே போனது என்று தெரியவில்லை. நானே போய்க் கூம்பாக நாலு நாழி அளந்து கொடுத்தேன். மறுநாள் ஒரு பையில் அரிசியும் ஒரு குவளையும் எடுத்துக்கொண்டு, இவரிடம் ஒரு வார்த்தை சொல்லாமல், டவுனுக்குப் போகிற லாரியில் ஏறினேன்.

5

எனக்கு மூன்று இங்கிலீஷ் தெரியும். குட் மார்னிங், யெஸ் மிஸ், தேங்க் யூ. முதல் இரண்டையும் வாசலிலேயே செலவழித்துவிட்டேன். துரைசானி அதே சிரிப்போடு உட்காரச் சொல்லி யாழ்ப்பாணத்து டீச்சரைக் கூப்பிட்டு அனுப்பினார்.

நான் மேஜைமேல் காகிதத்தை விரித்து அரிசியைக் கொட்டினேன். நாலு குவளை கூம்பாக அளந்து தனியே வைத்தேன். அதே அரிசியை வழித்து அளந்தேன், அஞ்சு வந்தது. "எட்டு இப்பிடி அளந்தா பத்து. எனக்க மக தப்பாச் சொல்லல்லன்னு சொல்லுங்க" என்றேன். லாபம் என்றால் என்ன, எண்ணைத் திரும்பத் திரும்பச் சொல்வது எதற்கு, எல்லாம் சொன்னேன். டீச்சர் முகம் சுண்டிப்போயிற்று. "ஐயோ, எனக்கு உது தெரியாதம்மா" என்றாள். உண்மையாகவே வருத்தப்பட்டாள், அதைச் சொல்ல வேண்டும்.

துரைசானி என்ன செய்தார் தெரியுமா? சின்ன நோட்டுப் புத்தகத்தை எடுத்து, நான் அளந்த விதத்தைப் படம் போட்டு எழுதிக்கொண்டார். சீமையில் இருக்கிற தங்கைக்கு எழுதப் போகிறாராம். என் பிள்ளையின் ஒரு வருஷம் போன விஷயம் அவர் தங்கைக்குப் படிக்கச் சுவாரசியமாக இருக்குமாம்!

தாணம்மையைக் கூப்பிடச் சொன்னேன். வந்து வாசல்படியில் நின்றாள். என்னைப் பார்த்ததும் முகம் வெளுத்துவிட்டது.

"மக்கா, முக்கால் முக்கால் எவ்வளவு?" என்றேன்.

தரையைப் பார்த்துக்கொண்டு, "அரையே மாகாணி" என்றாள்.

"மாகாணி எண்டால்?" என்று டீச்சர் கேட்டாள். பதினாறில் ஒன்று என்றேன். அவள் ஒரு காகிதத்தில் இங்கிலீஷ் முறையில் பெருக்கி, பதினாறில் ஒன்பது என்று விடை கொண்டுவந்து, அரையையும் மாகாணியையும் கூட்டிச் சரிபார்த்தாள். காகிதத்தில் அவள் முடிக்க நேரம் ஆயிற்று. முடித்துவிட்டுத் துரைசானியிடம் காட்டினாள். துரைசானி இரண்டு கையையும் தட்டி, ரொம்பக் கெட்டிக்காரி என்று சொன்னார்.

"கெட்டிக்காரின்னு தெரிஞ்சாச்சுல்லா. நாளைக்கே நாலாங் கிளாஸுல இருத்தச் சொல்லுங்க" என்றேன்.

அங்கேதான் கதவு சாத்திக்கொண்டது. "அம்மா, நீங்கள் சொல்லுறது சரி. கணக்கும் சரி. ஆனால் பிள்ளையின்ரை பேர் ஒண்டாம் வகுப்பு இடாப்பிலே ஏறிட்டுது. மேலிடத்துக்கும் அனுப்பியாச்சு. வருஷத்துக்கு ஒரு வகுப்புத்தான் ஏத்தலாம்" என்றாள் டீச்சர். இடாப்பு என்றால் பெயர்ப் பதிவாம். அப்பன் வேறு சம்மதம் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறாரே! போகட்டும், வருஷத்துக்கு ஒன்றாகவே ஏறட்டும் என்று கேட்டால், அதிலும் ஒரு வினை இருக்கிறது. அந்தப் பள்ளிக்கூடத்தில், பதினாலு வயதில் ஆறாம் வகுப்பைத் தொடாத பெண்களைத் தையல் பக்கம் மாற்றிவிடுவார்களாம். அங்கே கணக்கு கிடையாது. பெரிய பரீட்சை கிடையாது. பரீட்சை இல்லாமல் எந்த ஊரில் டீச்சர் வேலை கொடுப்பார்கள்? பதினாலு வயதில் தாணம்மை அஞ்சாம் வகுப்பில் இருப்பாள். இதைக் கண்டுபிடிக்க எனக்கு வாய்ப்பாடு வேண்டியதில்லை.

எனக்கு வந்த கோபத்துக்குத் தமிழில் இருக்கிற வசவெல்லாம் தொண்டை வரை வந்தது. ஆனால் யாழ்ப்பாணத்து டீச்சர் அதை மொழிபெயர்க்கவா போகிறாள்? நேராகத் துரைசானியிடமே சொல்லலாம் என்றால், எனக்குப் பாக்கி இருந்தது ஒரே ஒரு இங்கிலீஷ். "தேங்க் யூ" என்று சொல்லிவிட்டு, அரிசியை அள்ளிக் கட்டிக்கொண்டு வந்தேன். வழி நெடுக என்னை நானே திட்டிக்கொண்டேன்.

6

அன்றைக்கே முடிவு செய்தேன். பிள்ளையை ஊருக்கு அனுப்பிவிடுவது. பெற்றவளுக்குப் பத்து வயதுப் பெண்ணைக் கப்பல் ஏற்றிவிட்டு இருக்க முடியுமா என்று கேட்காதீர்கள். முடியாது. ஆனால் பதினாலு வயதில் அவளைத் தையல் பக்கம் உட்காரவைத்துவிட்டுப் பக்கத்தில் இருந்து பார்க்க அதைவிட முடியாது. என் தங்கை ஊரில், கொட்டாரத்தில் இருக்கிறாள், சந்தோஷமாகக் கொண்டுவிடு என்று எழுதினாள். செம்பகம் வாசிக்கிற பள்ளிக்கூடத்துக்குத்தான் மாதேவன் ஹெட்மாஸ்டர். நமக்கு வேண்டியவன், கணக்கு விஷயம் அவனுக்குச் சொல்ல வேண்டியதே இல்லை, களத்து அளவும் தெரியும் என்று தைரியமாக எழுதினேன். நடந்ததை ஒன்று விடாமல் எழுதி, நாலாம் வகுப்பில் சேர்த்துக்கொள், சந்தேகம் இருந்தால் நீயே பரீட்சை வைத்துப் பார் என்று கேட்டேன்.

நேற்று வந்தது அதற்குப் பதில். முழுவதையும் இங்கே தருகிறேன்:

"சகோதரி உமையம்மைக்கு, க்ஷேமம். குழந்தையை இவ்விடம் சேர்ப்பதில் ஆட்சேபம் இல்லை. ஆனால் கடைசியாக வாசித்த பள்ளிக்கூடத்தின் சர்டிபிகேட்டில் கண்ட வகுப்புக்கு அடுத்த வகுப்பில்தான் சேர்க்கலாம் என்பது ரூல். ஆகவே இரண்டாம் வகுப்பு. முந்திய சர்டிபிகேட் செல்லாது. தனியாகப் பரீட்சை வைக்க எனக்கு அதிகாரம் இல்லை. பெண் குழந்தைதானே, ஒன்றிரண்டு வருஷம் முன்பின் ஆனால் என்ன குறைந்துவிடும்? சௌகரியம்போல் அனுப்பவும்."

துரைசானியை ஒரு வருஷமாகத் திட்டிக்கொண்டிருந்தேன். அவருக்கு நம் அளவு தெரியாது, பாஷை தெரியாது, சங்கு முத்திரையைப் பார்த்துப் படம் என்று நினைத்தார். அதற்காவது ஒரு சமாதானம் சொல்லலாம். இவன் எங்கள் களத்தில் நின்று நெல் அளப்பதைப் பார்த்தவன். மூன்றாம் வகுப்பு சர்டிபிகேட் என்றால் என்ன என்று இவனுக்கு யார் மொழிபெயர்க்க வேண்டும்? ரூலாம், அதிகாரம் இல்லையாம். ஒன்பது முக்கால் எவ்வளவு என்று என் முதுகைச் சுரண்டும்போது எந்த ரூலைப் பார்த்தான்?

கடிதத்தை அரிசிப் பானைக்குப் பின்னால் ஒளித்துவைத்தேன். சாயங்காலம் தாணம்மை பள்ளிக்கூடம் விட்டு வந்து எப்படியோ எடுத்துப் படித்துவிட்டாள். அடுப்படியில் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அம்மா, நான் ஊருக்குப் போகல்ல" என்றாள்.

"ஏன் மக்கா? சித்தி இருக்கா, செம்பகம் இருக்கா. அவளப் பாக்கணும்னு நீதானே சொல்லிக்கிட்டு இருந்தா?"

"செம்பகம் இருக்கதுனாலதான் வேண்டாம்ங்கேன். இஞ்ச எனக்க பக்கத்துல இருக்கதுக்கெல்லாம் ஆறு வயசு. நான் ஏன் ஒண்ணாங் கிளாஸுல இருக்கேன்னு அதுகளுக்குத் தெரியாது. அங்க செம்பகம் நாலாங் கிளாஸு. நான் சொல்லிக் குடுத்த கணக்க அவ எனக்குச் சொல்லித் தருவா. நான் தெரியாதவ மாதிரி கேட்டுக்கிட்டு இருக்கணும்."

அவள் அழவில்லை. நான்தான் அழுதேன். அழுதுகொண்டே கடிதத்தை எடுத்து அடுப்பில் போடப்போனேன். "எரிக்காத, அதுல ஒனக்க பேரு எழுதியிருக்கு" என்று என் கையிலிருந்து வாங்கி மடித்து உள்ளே கொண்டுபோய் வைத்தாள்.

மாதேவா, இந்தப் பத்திரிகை உன் பள்ளிக்கூடத்துக்கு வருகிறது என்று எனக்குத் தெரியும். என்ன குறைந்துவிடும் என்று கேட்டிருந்தாய். எனக்கு நீ பதில் எழுத வேண்டாம். அவளை ஏன் இரண்டாம் வகுப்பில் உட்காரவைக்கப் போகிறாய் என்று அவளுக்கே எழுது. மூன்றாம் வகுப்பு தேறியவள், தமிழ் நன்றாக வாசிப்பாள்.